காவடி போஸ்டரும் ஏஐ வரைந்த முருகனும்: பதிப்புரிமை யாருக்கு?

தைப்பூசம் நெருங்கும்போது டர்பனில் போஸ்டர் வேலை சூடுபிடிக்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், கேட்டோ மேனர் என்று எல்லாப் பகுதிகளிலும் கோயில் கமிட்டிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம் வேண்டும். வேலோடு முருகன், பக்கத்தில் மயில், கீழே தேதி, காவடி புறப்படும் நேரம், அன்னதானம். முன்பெல்லாம் இதை வரைந்தோ கணினியில் அமைத்தோ கொடுக்க ஊருக்கு ஒருவர் இருப்பார். இப்போது கமிட்டியில் இருக்கும் ஒரு இளைஞரே செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் திறந்து, போன வருடத்துப் போஸ்டரை உள்ளே போட்டு, "இதே மாதிரி, ஆனால் புதுத் தேதியோடு" என்று கேட்டு வேலையை முடித்துவிடலாம்.

போன வருடத்துப் போஸ்டரை வரைந்தவருக்கு இதில் உரிமை ஏதாவது உண்டா? புதிதாக வந்த படம் யாருடையது? அவர் பல வருடங்களாக இணையத்தில் போட்டுவந்த படங்கள் எல்லாம் அவரைக் கேட்காமலே அந்தச் செயலிக்குப் பாடமாகப் போயிருந்தால் என்ன செய்வது? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். பலர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "ஏஐ வந்த பிறகு பதிப்புரிமையே செத்துப்போச்சு" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. தென்னாப்பிரிக்கச் சட்டம் முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது, இரண்டாவதற்குப் பாதி பதில் வைத்திருக்கிறது, மூன்றாவதற்கு உலகம் முழுவதும் நீதிமன்றங்கள் இப்போதுதான் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன. சட்டம் படிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கென்று ஒரு வழக்கு வந்தால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

உரிமை எப்போது பிறக்கிறது

இங்கே நடப்பில் இருப்பது 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி, நீங்கள் சொந்தமாக ஒன்றைப் படைத்து அது ஏதாவது ஒரு வடிவத்தில் பதிவானதுமே உரிமை வந்துவிடுகிறது. தாளில் வரைந்தாலும் போதும், கணினியில் சேமித்தாலும் போதும், போனில் பாடிப் பதிந்தாலும் போதும். எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வட்டத்துக்குள் 'சி' போடும் அந்தக் குறியும் கட்டாயமில்லை. திரைப்படங்களுக்கு மட்டும் விருப்பப்பட்டால் பதிவு செய்துகொள்ள 1977-ஆம் ஆண்டின் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. மற்றவற்றுக்குப் பதிவேடு என்று ஒன்றே கிடையாது.

எழுத்து, இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு இந்த உரிமை படைத்தவரின் ஆயுள் முழுவதும் இருக்கும். இறந்த ஆண்டின் முடிவிலிருந்து இன்னும் 50 ஆண்டுகள் வாரிசுகளிடம் நிற்கும். (இந்தியாவில் இது 60 ஆண்டு.) தென்னாப்பிரிக்கா 1928-லிருந்தே பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், டர்பனில் வரைந்த படத்துக்குச் சென்னையிலும் லண்டனிலும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி பாதுகாப்பு உண்டு.

எது பாதுகாக்கப்படுகிறது என்பதில்தான் பலருக்கு ஏமாற்றம். முருகன் யாருக்கும் சொந்தமில்லை. மயிலுக்குப் பின்னால் சூரியன் உதிப்பதுபோல் போஸ்டர் போடலாம் என்ற எண்ணமும் யாருக்கும் சொந்தமில்லை. அந்த எண்ணத்தை நீங்கள் எப்படிக் கோடுகளாகவும் வண்ணங்களாகவும் ஆக்கினீர்களோ, அந்தக் குறிப்பிட்ட படம்தான் உங்களுடையது. அதேபோல ஒருவருடைய பாணிக்கும் உரிமை கிடையாது. 2025 மார்ச்சில் உலகமே தங்கள் குடும்பப் படங்களை ஜப்பானிய கிப்லி ஸ்டூடியோவின் பாணியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கும். அந்தப் பாணியை உருவாக்கப் பல பத்தாண்டுகள் உழைத்தவர்களுக்கு அது வலித்திருக்கும், எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனாலும் 'அதே பாணி' என்பது மட்டும் பதிப்புரிமை மீறல் ஆகாது.

சரி, 'இதே மாதிரி' என்று போஸ்டரையே உள்ளே போட்டால்? அப்போது கதை மாறுகிறது. ஓவியத்தை எந்த வடிவிலும் படி எடுப்பதும் அதை மாற்றியமைப்பதும் உரிமையாளருக்கு மட்டுமே உரியவை என்று சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. செயலியில் ஏற்றும்போதே ஒரு படி உண்டாகிறது. வெளியே வரும் படத்தில் மூலப் படத்தின் முக்கியமான பகுதி அடையாளம் தெரியும்படி இருந்தால், இயந்திரம் செய்தது என்பது ஒரு சாக்காக நிற்காது. பொத்தானை அழுத்தியவர் பொறுப்பு.

ஆனால் கமிட்டிக்கும் ஒரு வாதம் உண்டு: "காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

காசு கொடுத்தவருக்கா, வரைந்தவருக்கா

சட்டத்தின் 21-ஆம் பிரிவை நம் ஊர்க் கலைஞர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, சில வகை வேலைகளைச் செய்யச் சொன்னால், உரிமை வேலை செய்தவரிடம் தங்காது. செய்யச் சொன்னவருக்குப் போய்விடும். அந்த வகைகள்: புகைப்படம், ஒருவருடைய உருவ ஓவியம், செதுக்கு அச்சுப் படம், திரைப்படம் (வீடியோவும் இதில் சேரும்), ஒலிப்பதிவு. அவ்வளவுதான்.

இதன் விளைவைப் பாருங்கள். கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போன புகைப்படக்காரர், தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், தான் எடுத்த படங்களுக்கே உரிமையாளர் இல்லை. பணம் கொடுத்த குடும்பம்தான் உரிமையாளர். அவர்கள் அந்தப் படங்களை ஏஐயில் போட்டு பின்னணியில் மதுரைக் கோபுரத்தை வரவழைத்தால், பதிப்புரிமையைச் சொல்லி அவர் தடுக்க முடியாது. மாறாக, காவடி போஸ்டர் மேலே சொன்ன பட்டியலில் இல்லை. அதற்குக் கமிட்டி 1,500 ரேண்ட் கொடுத்திருந்தாலும் உரிமை வரைந்தவரிடமே இருக்கிறது. கமிட்டிக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். ஒரே கேமராக் கடையில் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து வேலை செய்யும் இருவருக்கு நேர் எதிரான நிலை!

அந்த அனுமதி எவ்வளவு தூரம் போகும்? தனியுரிமம் அல்லாத சாதாரண அனுமதி வாய்மொழியாகவும் இருக்கலாம், இருவரும் நடந்துகொண்ட விதத்திலிருந்தும் ஊகிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. படத்தை நீங்களே கமிட்டிக்கு அனுப்பியதால், அந்த வருடத் திருவிழாவுக்கு அச்சடிக்கவும் வாட்ஸ்அப்பில் பரப்பவும் அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்றே ஆகும். அடுத்த வருடம் அதையே ஏஐயில் போட்டு மாற்றிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தீர்கள் என்று சொல்வது, என் பார்வையில், ரொம்பவும் இழுத்த வாதம். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாதபோது இழுக்க இடம் இருக்கத்தான் செய்யும்.

உரிமையை முழுவதுமாக மாற்றிக்கொடுப்பது வேறு விஷயம். அதற்கு எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். "எல்லா உரிமையும் உங்களுக்கே, அண்ணா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் உரிமை மாறிவிடாது. சட்டம் கையெழுத்து கேட்கும் இடங்களில், மின்னணு வழியில் செய்வதானால் சான்று பெற்ற உயர்நிலை மின் கையொப்பம் வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் சொல்கிறது. அண்ணனிடம் வாயால் சொன்னதையும் கையெழுத்திட்டுக் கொடுத்ததையும் சட்டம் ஒரே தட்டில் வைப்பதில்லை.

சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இன்னொரு வகை. வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குப் போகும். அதில் பெரிய சிக்கல் இல்லை.

பத்து ஷில்லிங் பாட்டு

கையெழுத்தின் கனம் என்ன என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. ஜூலு பாடகர் சாலமன் லிண்டா 1939-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் கேலோ நிறுவனத்துக்காக 'ம்பூபே' என்ற பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். ஜூலுவில் அதற்குச் சிங்கம் என்று பொருள். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங் என்று சொல்லப்படுகிறது. அதே மெட்டு அமெரிக்கா போய், வேறு வரிகளோடு 1961-ல் உலகப் புகழ் பெற்றது. 1994-ல் டிஸ்னியின் சிங்கப் படத்திலும் வந்தது. லிண்டா 1962-ல் ஏழையாகவே இறந்துபோனார்.

அவருடைய மகள்களுக்கு உதவியது எல்லோரும் மறந்துபோன ஒரு பழைய விதி. 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் தன் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் அது வாரிசுகளிடம் திரும்பி வரும். 1962-ல் இறந்தவருக்கு 1987-ல் அந்தக் கெடு முடிந்திருந்தது. தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமை வல்லுநர் ஓவன் டீன் இதைக் கண்டுபிடித்து வழி நடத்த, 2004-ல் இங்கே டிஸ்னி மீது வழக்குப் போடப்பட்டது. 2006-ல் சமரசம் ஆகி, குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது.

இந்தக் கதையை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இன்றைய 1978 சட்டத்தில் அந்தத் திரும்பி வரும் விதி இல்லை. இன்று ஒரு பாடகர் 'இப்போது உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லாத் தொழில்நுட்பங்களிலும்' என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால், ஏஐ பயிற்சியும் அந்த 'இனி வரப்போவது' என்பதற்குள் அடங்கும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அவர் மகளுக்கு 25 ஆண்டு கழித்து உதவ ஒரு பிரிவு காத்திருக்காது. ஏஐ காலத்தில் கலைஞர்கள் பயப்பட வேண்டியது இயந்திரத்தைப் பார்த்து மட்டுமல்ல, அந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்தும்தான். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது வாக்கியத்தை.

இயந்திரம் வரைந்தது யாருக்குச் சொந்தம்

இப்போது இரண்டாவது கேள்வி. கமிட்டி இளைஞர் யாருடைய போஸ்டரையும் உள்ளே போடாமல், "மயில் மேல் முருகன், பின்னால் டர்பன் கடற்கரை" என்று ஒரு வரி எழுதி ஒரு படம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இதைப் பற்றி ஆச்சரியமாக ஒரு வரி ஏற்கெனவே இருக்கிறது. 1992-ல் செய்த திருத்தத்தில், கணினி உருவாக்கிய எழுத்து, இசை, ஓவியம் போன்றவற்றுக்கு, 'அது உருவாகத் தேவையான ஏற்பாடுகளைச் செய்தவர்' ஆசிரியர் ஆவார் என்று சேர்த்தார்கள். பிரிட்டன் 1988-லும் இந்தியா 1994-லும் இதற்கு நெருக்கமான வரிகளைத் தங்கள் சட்டங்களில் எழுதிக்கொண்டன. சொல்லைக் கேட்டதும் படம் வரையும் இயந்திரம் அன்று யார் மனதிலும் இருந்திருக்காது. அதனால் 'ஏற்பாடு செய்தவர்' என்பது ஒரு வரி எழுதிய இளைஞரா, பல கோடி டாலர் செலவில் அந்தச் செயலியைக் கட்டிய நிறுவனமா என்பதைச் சட்டத்தின் வாசகம் முடிவு செய்து வைக்கவில்லை. அதோடு, படைப்பு சொந்தமானதாக இருக்க வேண்டும், அதாவது ஒருவருடைய உழைப்பும் திறமையும் அதில் தெரிய வேண்டும் என்ற அடிப்படை விதியும் இருக்கிறது. ஒரு வரி எழுதியதை உழைப்பு என்று நீதிமன்றத்தில் காட்டுவது கஷ்டம்.

அமெரிக்கா இதில் தெளிவாக இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் ஒரு சித்திரக்கதையை எடுத்து, எழுதியவரின் வசனங்களுக்கும் பக்க அமைப்புக்கும் பாதுகாப்பு உண்டு, மிட்ஜர்னி செயலி வரைந்த படங்களுக்குக் கிடையாது என்று பிரித்தது. 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், படைப்பின் ஆசிரியர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்ட ஸ்டீபன் தாலர்தான், தன்னுடைய 'டாபஸ்' என்ற ஏஐயைக் கண்டுபிடிப்பாளர் என்று குறிப்பிட்டு 2021-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு காப்புரிமையும் வாங்கியவர். "ஏஐக்கு உரிமை தந்த முதல் நாடு" என்று அப்போது செய்தி பறந்தது. அது கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை. படைப்புகளுக்கான பதிப்புரிமையோடு அதற்குச் சம்பந்தமில்லை. அதுவும் தவிர, இங்குள்ள அலுவலகம் விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து பார்க்காமல், படிவம் சரியாக இருந்தால் கொடுத்துவிடும் முறையில் அப்போது இயங்கியது.

கோயில் கமிட்டிகளுக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. ஒரு வரி எழுதி வாங்கிய போஸ்டரைப் பக்கத்துக் கோயில் அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால், நீங்கள் தடுக்க முடியாமல் போகலாம். ஒரு மனிதர் வரைந்ததாக இருந்தால் தடுக்கலாம். ஓவியர் ஏஐயில் ஒரு பகுதியை வாங்கி, மேலே தானே வரைந்து, வெட்டி ஒட்டி, நிறம் மாற்றிச் செய்திருந்தால், அவர் கைபட்ட பகுதிக்கு அவருக்குப் பாதுகாப்பு இருக்கும்.

கேட்காமல் எடுத்த பாடம்

மூன்றாவது கேள்விதான் கலைஞர்களைத் தூங்கவிடாத கேள்வி. படம் வரையும் ஏஐக்குக் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் விளக்கச் சொற்களையும் காட்டிப் பழக்குகிறார்கள். இதற்குப் பலர் பயன்படுத்திய லாயன்-5பி என்ற தொகுப்பில் ஏறக்குறைய 585 கோடிப் படங்களின் இணைய முகவரிகள் இருந்தன. இயந்திரம் அவற்றைப் படங்களாக அடுக்கி வைத்துக்கொள்வதில்லை. எந்தச் சொல்லோடு எந்த உருவம், எந்த நிறம் வருகிறது என்பதை எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. பழக்கும்போது படிகள் எடுக்கப்படுகின்றன, ஆனால் பழகி முடித்த இயந்திரத்துக்குள் படி இருக்கிறதா? வழக்குகள் எல்லாம் இந்த இரண்டு இடங்களைச் சுற்றித்தான்.

2025 நவம்பரில் ஒரே வார இடைவெளியில் இரண்டு ஐரோப்பிய நீதிமன்றங்கள் இதற்கு எதிரெதிர்ப் பதில்களைச் சொன்னது இதன் சிக்கலைக் காட்டும். புகைப்பட நிறுவனமான கெட்டி, ஸ்டெபிலிட்டி ஏஐ மீது போட்ட வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம், அந்த ஏஐ இயந்திரத்தின் எண்களுக்குள் படங்களின் படி சேமிக்கப்படவில்லை, அதனால் அது மீறல் நகல் ஆகாது என்றது. சில நாள் கழித்து மியூனிக் நீதிமன்றம், ஜெர்மன் இசை உரிமை அமைப்பான கெமா ஓப்பன்ஏஐ மீது போட்ட வழக்கில், 9 பாடல்களின் வரிகளை இயந்திரம் மனப்பாடமாக வைத்திருந்து திரும்பச் சொல்கிறது, அது படி எடுத்ததே என்று தீர்ப்பளித்தது. எனக்கு மியூனிக் சொல்வதில்தான் நியாயம் தெரிகிறது. எண்களாக மாற்றி வைத்தாலும், கேட்டால் வரி மாறாமல் வருகிறது என்றால், அது உள்ளே இருக்கிறது.

கெட்டி வழக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பழக்கிய வேலை பிரிட்டனில் நடந்தது என்று காட்ட முடியாததால், அந்தக் குற்றச்சாட்டையே கெட்டி நடுவில் கைவிட வேண்டியிருந்தது. பதிப்புரிமைச் சட்டம் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். சாட்ஸ்வொர்த் ஓவியரின் படத்தை அமெரிக்காவிலுள்ள கணினிகளில் பழக்கினால், பழக்கிய செயலை 1978 சட்டத்தைக் கொண்டு தொடுவது கடினம். அமெரிக்கச் சட்டம்தான் பேச வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது? 2025 ஜூனில், எழுத்தாளர்கள் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில் நீதிபதி ஆல்ஸப் விஷயத்தை இரண்டாகப் பிரித்தார். காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களைக் கொண்டு பழக்கியது 'நியாயமான பயன்பாடு', அதாவது உரிமையாளரைக் கேட்காமலே செய்யச் சட்டம் இடம் தரும் பயன்பாடு. திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கி நூலகம்போல் சேர்த்து வைத்தது அப்படியல்ல. இரண்டாவது பகுதிக்காக நிறுவனம் 150 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. ஒரு புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு வாசல் வைத்திருந்தார்கள்: அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் குறித்த காலத்துக்குள் பதிவான புத்தகங்களுக்கு மட்டுமே. இங்கே பதிவே தேவையில்லை என்று நிம்மதியாக இருக்கும் தென்னாப்பிரிக்க எழுத்தாளர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். உரிமை தானாக வந்தாலும், அமெரிக்க நீதிமன்றத்தில் சட்டம் வகுத்த இழப்பீட்டைக் கேட்க அங்கே பதிவு வேண்டும். புத்தகம் போடும் நம்மவர்களுக்கு அந்தக் கட்டணம் வீண் செலவில்லை.

தென்னாப்பிரிக்காவில் பழக்கியிருந்தால்? இங்கே இருப்பது 'நியாயமான கையாளுகை' என்ற குறுகிய விதி. ஆராய்ச்சிக்கு, தனிப்பட்ட படிப்புக்கு, சொந்த உபயோகத்துக்கு, விமர்சனத்துக்கு, நடப்புச் செய்திக்கு என்று நோக்கங்களை எண்ணி வைத்திருக்கிறது. லாபத்துக்காக இயந்திரம் பழக்குவது அந்தப் பட்டியலில் சுலபமாக உட்காராது. ஆனால் அமெரிக்க முறையிலான விரிந்த 'நியாயமான பயன்பாட்டை' 12ஏ என்ற பிரிவாகக் கொண்டுவரும் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் 2024 பிப்ரவரியில் இரண்டாவது முறையாக நிறைவேற்றியது. 2020-ல் ஒருமுறை அதைத் திருப்பி அனுப்பிய அதிபர் ராமபோசா, 2024 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முடிவுக்கு அனுப்பினார். நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் மசோதாவை வரவேற்கின்றன. அவர்களுடைய தேவை உண்மையானது. ஏழை மாணவர் ஒருவருக்குப் புத்தகத்தின் சில பக்கங்கள் கிடைப்பதை யாரும் எதிர்க்க முடியாது. எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் பதிப்பாளர்களும் அஞ்சுவதும் உண்மைதான். அந்த வரைவு எழுதத் தொடங்கிய காலத்தில் ஏஐ பழக்குவது பேச்சிலேயே இல்லை. மாணவருக்காகத் திறக்கும் கதவு வழியாகப் பெரிய நிறுவனங்களும் நுழையக்கூடும். பயிற்சிக்கென்று தனியாக ஒரு பிரிவு எழுதி, அதற்குக் கட்டணமும் வைப்பதே முறை என்பது என் கருத்து.

குரலும் பெயரும்

ஒருவருடைய குரலுக்குப் பதிப்புரிமை கிடையாது. குரலைப் பதிந்த ஒலிப்பதிவுக்குத்தான் உண்டு. நம் பஜனைக் குழு திருப்புகழ் பாடினால், அருணகிரிநாதரின் பாட்டு எல்லோருக்கும் பொது, ஆனால் அந்தப் பதிவு குழுவினுடையது. பாடியவர்களுக்கு 1967-ஆம் ஆண்டின் கலைநிகழ்த்துநர் பாதுகாப்புச் சட்டத்தில் தனி உரிமையும் உண்டு. அனுமதியில்லாமல் அவர்கள் நிகழ்ச்சியைப் பதிய முடியாது. கூத்து ஆடுபவர்களுக்கும் அதே சட்டம்தான்.

அந்தப் பதிவைக் கேட்டுப் பழகிய ஏஐ, அதே குரலில் வேறு பாட்டுப் பாடினால் சிக்கல். பதிவிலிருந்து ஒரு துண்டும் எடுக்கவில்லை என்பார்கள். அப்போது பதிப்புரிமையை விட்டு வேறு சட்டங்களைத் தேட வேண்டும். ஒருவருடைய அடையாளத்தை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய கண்ணியத்தைப் பாதிப்பது என்று 2007-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குரலை அடையாளம் காணும் தகவலையும் உடற்கூற்றுத் தகவலாகச் சேர்க்கிறது. முறையாகச் செய்ததற்கும் தமிழிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024-ல் ஒரு படப் பாடலுக்காக ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார்.

உரிமையை விற்ற பிறகும் கலைஞரிடம் மிஞ்சுவது தார்மீக உரிமை. தான் படைத்தது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் எதிர்க்கவும் 20-ஆம் பிரிவு இடம் தருகிறது. 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' படத்தின் முடிவை ஏஐயால் மாற்றி மறுபடி வெளியிட்டபோது இயக்குநரும் தனுஷும் கண்டித்தது இந்த வகைப் பிரச்சினைதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் திரைப்படத்தின் 'ஆசிரியர்' என்று சட்டம் கருதுவது தயாரிப்புக்கு ஏற்பாடு செய்தவரை. இயக்குநருக்கும் நடிகருக்கும் இங்கே கைப்பிடி இன்னும் சிறியது. குறும்படம் எடுக்கும் நம் இளைஞர்கள் ஒப்பந்தத்தில் இதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது

முதலில் ஆதாரம். பதிவேடு இல்லாத நாட்டில், நீங்கள்தான் வரைந்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பென்சில் முன்வரைவுகள், அடுக்குகள் கலையாத மூலக் கோப்பு, தேதியோடு உங்களுக்கு நீங்களே அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் வைத்திருங்கள். கமிட்டிக்கு முடிந்த படத்தை மட்டும் கொடுங்கள், மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள். இணையத்தில் போடும் படங்களைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் கிளேஸ், நைட்ஷேட் மென்பொருள்களில் ஒருமுறை ஓட்டிப் போட்டால், பாணியைப் பழகுவது கடினமாகும். முழுக் கவசமில்லை, ஆனாலும் செய்யத் தகுந்தது.

பாட்டு எழுதி இசையமைப்பவர்கள் இங்குள்ள இசை உரிமை அமைப்புகளான சாம்ரோ, கப்பாஸோ ஆகியவற்றில் சேருங்கள். ஏஐ நிறுவனங்களோடு உரிமப் பேச்சு நடந்தால் தனி ஆளைக் கூப்பிட மாட்டார்கள், அமைப்பைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் படத்தைத் தென்னாப்பிரிக்காவிலுள்ள தளம் ஒன்றில் யாராவது போட்டிருந்தால், 2002 மின்னணுச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்கீழ் நீக்கக் கோரி அறிவிப்பு அனுப்பலாம். வக்கீல் இல்லாமலே செய்யலாம்.

அப்புறம், பில். பலர் தொகையை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். அதற்குக் கீழே இந்த மூன்று வரிகளைச் சேருங்கள். கமிட்டிச் செயலாளர் ஆங்கிலத்தில்தான் படிப்பார் என்றால் ஆங்கிலத்திலேயே போடுங்கள். "இந்தப் படத்தின் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கிறது. இந்த வருடத் திருவிழா விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி. ஏஐ செயலிகளில் ஏற்றவோ, அவற்றின் பயிற்சிக்குத் தரவோ, மாற்றி அமைக்கவோ எழுத்தில் தனி அனுமதி வேண்டும்." புகைப்படக்காரர்களும் வீடியோ எடுப்பவர்களும் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: "பணம் கொடுத்தவருக்கு உரிமை போகும் என்ற 21-ஆம் பிரிவின் விதி இந்த வேலைக்குப் பொருந்தாது என்று இருவரும் ஒப்புக்கொள்கிறோம்." அப்படி ஒப்புக்கொள்ள அதே பிரிவு இடம் தருகிறது. வேலை தொடங்கும் முன்பே இதற்குக் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். படம் எடுத்து முடித்த பிறகு கேட்டால் யாரும் போட மாட்டார்கள்.